மைதிலியின் முதல் பீரியட்

மனிதத் தலையீடு ஏதுமின்றி. இந்த மூன்று வார்த்தையை எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து யோசித்து எழுதினானோ, அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து இந்த ஹாலில் நிறுத்தி, எங்கே இன்னொரு தடவை சொல்லு பார்க்கலாம் என்று கேட்க வேண்டும் போலிருந்தது வசந்தாமணிக்கு. கேட்க முடியாது. ஹாலில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் தலையைக் குனிந்து இன்டர்னல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரை முதல் பதினொன்று வரை அவள்தான் சூப்பர்விஷன். நடக்கலாம், நிற்கலாம், முறைக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாத ஒன்றரை மணி நேரமாகப் பார்த்துத்தான் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கையில் திணித்திருக்கிறார் துறைத் தலைவர் குழந்தைவேலு. காலையில் வராண்டாவில், நடந்துகொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதானுங்க மேடம். பதினோரு மணிக்கு அட்டெண்டர் பழனியம்மாளை அனுப்பறேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்து விட்ருங்க." ஃபார்மாலிட்டியாம். ஒருத்தியை வேலையை விட்டு அனுப்புவது இவருக்கு ஃபார்மாலிட்டி. மேசைமேல் மிச்ச விடைத்தாள்களுக்கு அடியில் அந்தக் கடிதம் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் ஒரு முனை மட்டும் தூக்கித் தூக்கி அடங்கியது. கடைசி பெஞ்சு வரை போய்த் திரும்பும்போதெல்லாம் கண் அங்கேதான் போய் நின்றது. மேற்படி கால அட்டவணை கணினி நிரலால், மனிதத் தலையீடு ஏதுமின்றி, தானாகவே உருவாக்கப்பட்டது என்று உறுதியளிக்கிறேன். கீழே கோடு. கோட்டுக்குக் கீழே அவள் பெயர், உதவிப் பேராசிரியர், கணினித் துறை. அதில் கையெழுத்து விழுந்தால், ஒப்பந்த விரிவுரையாளர் மைதிலி இந்த அட்டவணையைப் பற்றித் தாளாளருக்கு எழுதிய மனு அத்தோடு முடிந்தது. வெள்ளிக்கிழமையோடு மைதிலியும் முடிந்தாள். வேலைக்கு வந்த ஐந்து மாதத்தில் பதினோரு முறை தாமதம், ஒப்பந்தம் ரத்து. எவ்வளவு சுத்தமான காரணம் பாருங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

ஜன்னலோரம் ஒரு பையன் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கினான். கொடுத்தாள். அவன் எழுதிக்கொண்டிருந்தது பன்னிரண்டாவது கேள்வி, ஆ பிரிவு. இயற்கைத் தேர்வை முன்மாதிரியாகக் கொண்ட ஜெனடிக் அல்காரிதத்தின் படிநிலைகளைத் தெளிவான படத்துடன் விளக்குக, பதின்மூன்று மதிப்பெண். கேள்வித்தாளைத் தயாரித்தவளும் அவள்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் தயாரித்தது. அப்போது இந்தக் கடிதம் இல்லை. பையன் வட்டம் போட்டு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான்: முதல் தலைமுறை, தகுதி பார்த்தல், தேர்ந்தெடுத்தல், கலத்தல், மாற்றம், மறுபடி தகுதி பார்த்தல். சரியாகத்தான் போடுகிறான். அவள்தானே சொல்லிக் கொடுத்தாள். வகுப்பில் எவ்வளவு குஷியாகச் சொல்லிக் கொடுத்தாள். இருநூறு கால அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டபடி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் குப்பைதான், இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் யார் யாருக்கு என்னென்ன சிரமம் என்று கூட்டிப் பாருங்கள். சிரமம் குறைந்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். வைத்துக்கொண்டதில் இரண்டை எடுத்து, இதில் திங்கள் முதல் புதன் வரை, அதில் வியாழன் முதல் சனி வரை என்று ஒட்டினால் ஒரு குட்டி. அந்தக் குட்டியில் எங்காவது இரண்டு பீரியடைச் சும்மா இடம் மாற்றுங்கள். இப்படியே நானூறு தலைமுறை. நீங்கள் ஒன்றுமே யோசிக்க வேண்டாம், நல்லது தானாக மேலே வரும். தானாக. அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அது, வேறு யாருடையதும் இல்லை. அந்த வார்த்தையைத்தான் எடுத்துக் கடிதத்தில் போட்டிருக்கிறார்கள்.

முன்னெல்லாம் டைம்டேபிள் என்றால் துறையில் பத்து நாள் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். சார்ட் பேப்பரை மேசை நிறைய விரித்து, பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, அழித்த இடம் ஓட்டையாகிப் போகும். இவருக்குத் திங்கள் முதல் பீரியட் ஆகாது, அவருக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு எடுத்தால் தலை வலிக்கும், இன்னொருவர் சனிக்கிழமை என்றாலே காணாமல் போவார். எல்லாருடைய பேச்சையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், மே மாத விடுமுறையில் ஆளில்லாத லேபில் தனியாக உட்கார்ந்து, மூன்று வாரம், வேர்வை முதுகில் வழிய வழிய அந்த நிரலை எழுதினாள் வசந்தாமணி. யாரும் எழுதச் சொல்லவில்லை. சண்டை ஒழியட்டும் என்று எழுதினாள். சண்டை ஒழிந்ததா இல்லையா? ஒழிந்தது. திரையில் சிரமக் கணக்கு ஆயிரத்து எழுநூறில் ஆரம்பித்து இறங்க இறங்க அவளுக்குக் கைகால் நிலைகொள்ளவில்லை. ஐந்நூறு, இருநூற்றுப் பத்து, தொண்ணூறு. கடைசியில் முப்பத்தேழு. முப்பத்தேழில் வந்து நின்றதும் எழுந்து லேப் முழுக்க ஒரு சுற்று நடந்தாள். ஜூனில் பிரிண்ட் எடுத்து ஒட்டியபோது, துறை ஆரம்பித்த பதினேழு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர்கூட ஆட்சேபணை சொல்லவில்லை. குழந்தைவேலு எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். மைதிலியும் ஒன்று எடுத்துக்கொண்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்து அன்று மூன்றாவது நாள், பப்ஸை நாப்கினில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள். அந்த முப்பத்தேழில் முப்பத்திரண்டு மைதிலியுடையது என்று அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மொத்தத்தைப் பார்த்தார்கள், கை தட்டினார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

முப்பத்திரண்டு என்றால் என்ன? வாரத்தில் ஆறு நாளும் முதல் பீரியட். ஆறு நாளும் கடைசி பீரியட். நடுவில் ஒரே ஒரு வகுப்பு, மிச்ச நேரம் ஸ்டாஃப் ரூமில் வெட்டியாக உட்கார்ந்திருக்க வேண்டியது. துறையில் வேறு யாருக்கும் வாரத்தில் இரண்டு முதல் பீரியடுக்கு மேல் கிடையாது. மைதிலி வருவது பூலாம்பட்டியிலிருந்து. அந்தப் பக்கம் கல்லூரி பஸ் போகாது. ஆறு பத்துக்கு டவுன் பஸ் பிடித்து எடப்பாடி, அங்கே மாறிச் சங்ககிரி, அங்கிருந்து இன்னொன்று. முதல் பீரியட் இருக்கிற ஆள் எட்டே முக்காலுக்குள் கைரேகை வைத்தாக வேண்டும், நடுவில் ஒரு பஸ் தப்பினாலும் முடியாது. எட்டு நாற்பத்தாறுக்கு வைத்தால் அந்த மிஷின் சிவப்பாக எரியும். வேறு எவருக்காவது ஆறு நாளும் முதல் பீரியட் கொடுத்துப் பார்க்கட்டும். குழந்தைவேலுவுக்குக் கொடுக்கட்டும். கேம்பஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு ஒன்பதரைக்குப் பல் குத்திக்கொண்டே வருகிற மனுஷன், ஒரு வாரம் தாங்குவாரா? நேற்று ஸ்டாஃப் மீட்டிங்கில் அவர் பேசினதை நினைத்தாலே வயிறு எரிந்தது. "இதுல யாரும் யாரையும் பழிவாங்கலைங்க. நம்ம சிஸ்டம் இயற்கையைப் பார்த்துச் செஞ்சது. தாக்குப் பிடிக்கறது நிக்கும், முடியாதது போகும். இயற்கையோட போயி யாருங்க சண்டை போடறது?" இருபது பேர் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள், ஒருவர் நெளிந்தாரா? இயற்கையாம். எந்தக் காட்டில் குரங்குக்குக் கைரேகை மிஷின் இருக்கிறது? எந்த ஆற்று மீன் தாளாளருக்கு மனு எழுதியது? காட்டில் மழை தப்பும், வெயில் காயும், பஞ்சம் வரும், யார் பெயரும் தெரியாமல் வரும். இங்கே என்ன மழை பெய்தது? இங்கே ஒருவர் உட்கார்ந்து, இன்னாருடைய சிரமத்துக்கு இவ்வளவு கனம், இன்னாருடையதுக்கு இவ்வளவு என்று எண் போட்டுக் கொடுத்தார். பேராசிரியருக்குப் பத்து. மற்றவர்களுக்கு ஐந்து. மைதிலிக்கு ஒன்று. பத்து ரூபாய்த் தக்காளியும் ஒரு ரூபாய்த் தக்காளியும் பக்கத்தில் வைத்தால் எதை நசுக்கலாம் என்று மிஷினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறாவது தலைமுறையில் மைதிலிக்கு மூன்று முதல் பீரியட் சேர்ந்திருந்தது. இருநூறில் ஐந்து. முன்னூற்றுக்குள் ஆறு நாளும். பதிவுக் கோப்பில் எல்லாம் அப்படியே இருக்கிறது, போன வாரம்தான் திறந்து பார்த்தாள்.  ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவருடைய சிரமம் அவரிடமிருந்து கழன்று, சத்தமே இல்லாமல் போய் அவள் தலையில் ஏறியிருந்தது.

எண் போட்டுக் கொடுத்தார் என்றால், கொடுத்தது யார்? குழந்தைவேலுதான். வேறு யார்? மே மாதம் ஒரு நாள் லேப் வாசலில் நின்று சொன்னாரே. என்ன சொன்னார்? சரியாக என்ன சொன்னார் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள், அது கடுக்கு கடுக்கு என்று சத்தம் போட்டது. "சீனியர்ஸைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க மேடம்." அதுதான். அவ்வளவுதான். பத்து என்று சொன்னாரா? பத்து என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அர்த்தம்தானே? பார்த்துப் போடுங்கள் என்றால் என்ன, வேறென்ன அர்த்தம்? இந்த மாதிரி ஆட்கள் எப்போதும் எண்ணைச் சொல்ல மாட்டார்கள், எண்ணைச் சொன்னால் நாளைக்கு அது தங்கள் தலையில் விடியும் என்று தெரியும். அரைகுறையாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், எழுதுகிறவள் பாடு. பதினான்கு வருஷமாக இதே கதை. ஆய்வுக்குழு வருகிறது, மேடம் கொஞ்சம் பாத்துக்குங்க. ரிசல்ட் குறைகிறது, மேடம் கொஞ்சம் பாத்து மார்க் போடுங்க. பார்த்துப் பார்த்து இவள் கண்தான் பூத்துப்போயிற்று. சரி, பத்து அவர் சொன்ன மாதிரி என்றே வைத்துக்கொள்வோம். ஒன்று?

அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நடையை மாற்றிக்கொண்டு இடதுபக்க வரிசைக்குப் போய்விடுகிறாள் என்பதை அவளே கவனித்தாள். அந்தச் சமயத்தில் கதவருகே நிழல் விழுந்தது. மைதிலி நின்றாள். பக்கத்து ஹாலில் அவளுக்குத்தான் சூப்பர்விஷன். நீலப் புடவை, தோளில் குத்திய பின், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த அட்டை இருக்கும். "ஏனுங்க மேடம், டேக் நூல் ஒரு அஞ்சாறு இருக்குங்களா? எங்க ஹால்ல தீந்துபோச்சுங்க" என்றாள் மெதுவாக. வசந்தாமணி பத்து நூலை எடுத்துக் கொடுத்தாள், எண்ணாமல். மைதிலி வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். அவள் கண் மேசைமேல் இருந்த கடிதத்தின் முனையைப் பார்த்துவிட்டது. "லெட்டர் கேட்டாங்களாமா?" என்றாள். வசந்தாமணி தலையாட்டினாள். "போட்டுக் குடுத்துடுங்க மேடம். எம்பொருட்டு நீங்க எதுக்கு அவங்ககிட்ட வம்பு வாங்கிக்கறீங்க. நான் தாளாளருக்கு எழுதுனப்பகூட சார் பேரைத்தான் எழுதுனனுங்க, உங்களைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. புரோகிராம் தானாப் போட்டதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்." பாவம் என்று வேறு சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேலை போகப்போகிறவள், வேலையில் இருக்கப்போகிறவளைப் பார்த்துச் சமாதானமாகச் சிரித்தாள். நூலை விரலில் சுற்றிக்கொண்டே தன் ஹாலுக்குப் போனாள்.

அந்தச் சிரிப்புத்தான் வசந்தாமணிக்குத் தாங்கவில்லை. குழந்தைவேலுமேல் வந்த கோபம் ஒரு மாதிரி என்றால் இது இன்னொரு மாதிரி, நெஞ்சில் மிளகாய் தேய்த்தது போல எரிந்தது. ஏண்டி, உனக்குச் சூடு சொரணை கிடையாதா? ஒருத்தி உன் ஆறு நாளையும் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறாள், அவள் முகத்துக்கு நேரே நின்று பாவம் என்கிறாயே? என்னைக் கேளேன். ஏன் மேடம் எனக்கு மட்டும் இப்படி வந்துச்சு, அந்தக் கோப்பைத் திறந்து காட்டுங்க என்று ஒரு வார்த்தை கேளேன். நீயும் எம்.இ. படித்தவள்தானே, பிள்ளைகள் சந்தேகம் கேட்க என்னிடம் வராமல் உன்னிடம்தானே வருகிறார்கள், எண் போடாமல் எந்த மிஷின் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மிஷினுக்கு மேலே ஒருத்தி இருப்பாள், அவள் இந்த வசந்தாமணியாக இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மரியாதை வைத்திருக்கிறாள். அந்த மரியாதையை இவள் ஐந்து மாதமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறாள். பதினோரு தடவையில் நாலு தடவையாவது, ஒன்பது மணிக்கு மேல் வந்து சேர்ந்த இவளே நேரில் பார்த்தாள், மிஷின் சிவப்பாக எரிந்ததும் மைதிலி விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, விரல்தான் தப்பு என்பது போல மறுபடி வைத்ததை. பார்த்துவிட்டு, பஸ் லேட்டா என்று கேட்டாள். எவ்வளவு அக்கறை. கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

ஒன்று. சரி, வா, அதையும் பார்த்துவிடுவோம். ஆபீஸிலிருந்து பணிமூப்புப் பட்டியல் வாங்கித்தான் எல்லாருக்கும் எண் ஏற்றினாள். நிரந்தர ஆட்கள் மட்டும்தான் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். ஒப்பந்தத்தில் வருகிற ஒரே ஒருத்திக்கு அதில் பெயர் கிடையாது. ஜூனில் சேரப்போகிறாள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கட்டம் காலியாக இருந்ததால் நிரல் ஓடாமல் நின்றுபோனது. மணி நாலாகிவிட்டது, பஸ்ஸுக்கு நேரம், இப்போதைக்கு ஓடினால் போதும் என்று அந்தக் கட்டத்தில் ஒன்று என்று தட்டினாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் செய்கிற காரியம், இப்போதைக்கு ஒன்று. அப்புறம் முப்பத்தேழு வந்தது, பப்ஸ் வந்தது, ஒன்றை மறந்துபோனாள். ஆக, குழந்தைவேலு இல்லை. ஆபீஸ் இல்லை. ஒரு மனுஷியின் ஆறு நாளுக்கு ஒன்று என்று போட்டது ஒரு சாயங்காலத்து அவசரம். அதைச் சொல்லிக்கூடத் தப்பிக்கலாம். கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை இருக்கிறது, மனிதத் தலையீடு ஏதுமின்றிக்குத் தம்பி மாதிரி. அவசரத்தில் நடந்துபோச்சுங்க, மன்னிச்சுக்குங்க என்றால் தீர்ந்தது. அவள் நின்றாள். அழிக்க அழிக்க வெளுத்துப்போன கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவசரம் என்றால், மைதிலியின் கட்டத்துக்கு நாலு கட்டம் மேலே தன் பெயருக்கு எதிரில் மட்டும் எப்படி நிதானம் வந்தது? உதவிப் பேராசிரியர் எல்லாருக்கும் ஐந்து. அவளுக்கு எட்டு. எட்டு என்று போட்டாள். யாரும் சொல்லவில்லை, பட்டியலில் இல்லை, கை தவறவில்லை. பாப்பாவை எட்டு ஐம்பதுக்குப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட வேண்டும், அதனால் முதல் பீரியட் வேண்டாம் என்று யோசித்து, பத்து போட்டால் யாராவது பார்த்தால் அசிங்கம், ஆறு போட்டால் போதாது என்று யோசித்து, எட்டு போட்டாள். இந்த ஐந்து மாதத்தில் அவளுக்கு ஒருநாள்கூட முதல் பீரியட் வரவில்லை. வராததை அவள் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். எவ்வளவு கெட்டிக்காரி, பாருங்கள். திருடிவிட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வதற்கு எத்தனை படிப்பு வேண்டியிருக்கிறது.

முதல் மணி அடித்தது, இன்னும் பத்து நிமிஷம். பிள்ளைகள் வேகம் பிடித்தார்கள், தாள்கள் சரசரத்தன. வசந்தாமணி மேசையில் உட்கார்ந்தாள், சூப்பர்விஷனில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தாள்.  இதையெல்லாம் கடிதத்தில் எழுதினால் அடுத்த தடவை யாராவது அவள் கட்டத்தில் ஒன்று போடுவார்கள். போடட்டும். போட்டால் வேனை யார் பார்ப்பது, வீட்டில் அவருக்கு ஆறு மணிக்கே ஷிஃப்ட், இதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. மைதிலிக்கும் இதேபோல வரிசையாக என்னென்னவோ நின்றிருக்கும், அதை யாரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, மனிதத் தலையீடு ஏதுமின்றி என்பதைக் குறுக்கே அடித்தாள். தானாகவே என்பதையும் அடித்தாள். கீழே காலி இடத்தில் எழுதினாள்: யாருடைய சிரமத்துக்கு எவ்வளவு கனம் என்ற எண்களை நிரலில் இட்டது நான். பேராசிரியர்களுக்குப் பத்து, உதவிப் பேராசிரியர்களுக்கு ஐந்து, ஒப்பந்த விரிவுரையாளர் மைதிலிக்கு ஒன்று, எனக்கு எட்டு. ஆறு நாளும் முதல் பீரியட் அவருக்குப் போனது இந்த எண்களால். அவருடைய தாமதங்களுக்கு நான் பொறுப்பு. கையெழுத்துப் போட்டாள்.  பேராசிரியர்களுக்குப் பத்து என்ற இடத்தில், துறைத் தலைவர் சொல்லியபடி என்று சேர்க்கலாமா என்று ஒரு நொடி கை நின்றது. சேர்க்கவில்லை. அதை அவரே சொல்லட்டும், சொல்கிற ஆளாக இருந்தால்.

இரண்டாவது மணி அடித்ததும் தாள்களை வாங்கி, எண்ணி, கட்டினாள். வெளியே வந்தபோது பழனியம்மாள் வராண்டாவில் நின்றிருந்தாள். "லெட்டருங்க மேடம்" என்று கையை நீட்டினாள். "இருங்க பழனியம்மா, ஒருத்தர் படிக்கணும்" என்று சொல்லிவிட்டு வசந்தாமணி பக்கத்து ஹால் வாசலுக்குப் போனாள். மைதிலி விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இதைப் படிங்க" என்று வசந்தாமணி கடிதத்தை நீட்டினாள். மைதிலி முதலில் சிரித்தபடியே வாங்கினாள், கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனாள். "முழுசாப் படிங்க மைதிலி." மைதிலி படித்தாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு, பன்னிரண்டு ஆ எழுதுனயா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் குறையும் வரைக்கும் மைதிலி தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு" என்றாள். அப்புறம், "உங்களுக்கு எட்டுங்களா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"எட்டு தெரிஞ்சே போட்டேன்."

மைதிலியின் முகத்தில் இத்தனை நாள் இருந்த அந்தச் சமாதானம் கழன்று விழுந்தது.  "பஸ் லேட்டான்னு கேட்டீங்களே" என்றாள், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. "நாலஞ்சு தடவை அந்த மிஷின் முன்னாடி நின்னு கேட்டீங்களே."  வசந்தாமணிக்குச் சொல்ல இருந்ததெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. பழனியம்மாள் பின்னால் வந்து, "நேரமாச்சுங்க மேடம், சார் கேட்டுட்டே இருக்கறாரு" என்று மறுபடி கையை நீட்டினாள். மைதிலி கொடுக்கவில்லை. "இதை நானே கொண்டுபோறேன். தாளாளர் கையிலயே குடுத்துக்கறேன்" என்றாள். தன் ஹாலின் விடைத்தாள் கட்டை வசந்தாமணியின் கையில் இருந்த கட்டின் மேலேயே வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள். "எண்ணி ஒப்படைச்சுருங்க" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடிக்காமல் கையில் விரித்துப் பிடித்தபடியே, ஆபீஸ் இருக்கிற பக்கம் வேகமாக நடந்தாள்.